நாவலைப் படிச்சுக் கருத்து சொல்றோம்னு 18,500 ரூபாய் வாங்கிட்டாங்க, ஏமாந்துடாதீங்க

கோபத்துல எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. பிழை திருத்துறதுக்கும் சேர்த்துத்தான் காசு குடுத்தேன், அதுவும் நடக்கல.

முந்தாநாள் ராத்திரி அந்தக் கம்பெனிக்காரங்க என் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க. நாவலோ சிறுகதையோ எழுதி வச்சுட்டு, பதிப்பகத்துக்கு அனுப்புறதுக்கு முன்னாடி விஷயம் தெரிஞ்ச யாராவது ஒரு தடவை படிச்சா தேவலைன்னு நினைக்கிறவங்க நிறைய பேர் இருப்பீங்க. நானும் அப்படி நினைச்சவதான். போனது 18,500 ரூபாய். என்னென்ன கவனிக்கணும்னு கடைசியில வரிசையா சொல்றேன், அதுவரைக்கும் பொறுமையா படிங்க.

எனக்குத் தூத்துக்குடி. உப்புக் கம்பெனி ஒண்ணுல கணக்கு எழுதுறேன். அம்மா முப்பது வருஷம் அளத்துல, அதான் உப்பளத்துல, உப்பு வாருனவ. ஐப்பசி, கார்த்திகை வந்தா அளத்துல வேலை நின்னு போகும், எனக்கும் ஆபீஸ்ல கணக்கு குறையும். அப்படி நாலு மழைக்காலம் உக்காந்து எழுதின நாவல் அது. ஏ4 தாள்ல 312 பக்கம். படிச்சு நாலு வார்த்தை சொல்ல வீட்டுல ஆள் இல்ல. வீட்டுக்காரர் ஏழு பக்கம் படிச்சுட்டு "நல்லாருக்கு"ன்னு சொல்லிக் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டார்.

அந்த நேரத்துலதான் ஃபேஸ்புக்ல விளம்பரம் வந்தது. எழுத்தாளர்களுக்கான சேவையாம். முழுப் பிரதியையும் அனுபவமுள்ள ஆசிரியர் குழு படிக்கும், 15 பக்கத்துக்குக் குறையாம அறிக்கை, 30 நாள், கட்டணம் 12,000. பதிப்பகங்களுக்குப் பரிந்துரையும் செய்வோம்னு போட்டிருந்தது. மாதிரிக்குன்னு முதல் பத்துப் பக்கத்தை மட்டும் அனுப்பிட்டு மூணு நாள் யோசிச்சேன்.

மூணாம் நாள் சாயங்காலம் போன். நெத்திலி ஆய்ஞ்சுகிட்டு இருந்தேன், ஸ்பீக்கர்ல போட்டேன். பையன் குரல், சின்ன வயசுதான் இருக்கும். வணக்கம்கூட சொல்லல. நேரா என் நாவலோட முதல் வரியை வாசிச்சான். "விடியிறதுக்கு முன்னால உப்புக்கு நிறம் கிடையாது." ரெண்டு நொடி சும்மா இருந்தான். அப்புறம், "அக்கா, இந்த ஒரு வரிக்காகவே இந்த நாவல் வெளிய வந்தாகணும்க்கா"ன்னான்.

மீன் கையோட அப்படியே நின்னுட்டேன். நாலு வருஷத்துல நான் எழுதின ஒரு வரியை இன்னொருத்தர் வாயால கேட்டது அதுதான் முதல் தடவை. அடுப்புல புளி கொதிச்சு வழிஞ்சதுகூடத் தெரியல. கையைக் கழுவிட்டு வந்து ஜிபேல 12,000 போட்டேன். வாஷிங் மெஷின் வாங்கலாம்னு எடுத்து வச்சிருந்த சீட்டுப் பணம் அது. இன்னிக்கும் கல்லுலதான் துவைக்கிறேன்.

ஒரு வாரம் கழிச்சு மறுபடி போன். மூத்த எழுத்தாளர் ஒருத்தர் என் பிரதியைப் புரட்டிப் பார்த்தாராம், வரிக்கு வரி குறிப்பு எழுதித் தரேன்னாராம். அதுக்குத் தனியா 6,500. யாருன்னு கேட்டேன். "பேர் வெளிய வர்றது அவருக்குப் பிடிக்காதுக்கா." அதையும் போட்டேன். ஆக 18,500. மழைக்காலத்துல வேலையில்லாத உப்பளத் தொழிலாளிக்கு அரசாங்கம் நிவாரணமா தர்றது 5,000 ரூபாய். அந்தக் கூட்டத்தைப் பத்தி நாவல் எழுதிட்டு, அதைப் போல மூணு மடங்குக்கு மேல தூக்கிக் குடுத்திருக்கேன் பாருங்க.

30 நாள் ஆச்சு, ஒண்ணும் வரல. முதல்ல "எடிட்டர் ஊருக்குப் போயிருக்கார்க்கா". அப்புறம் "புத்தகக் கண்காட்சி நேரம்க்கா, தலைக்கு மேல வேலை". அப்புறம் ஃபைல் திறக்கல, திரும்ப அனுப்புங்கன்னாங்க. 45 நாள் கழிச்சா ஃபைல் திறக்கலன்னு தெரியும்? அப்போ அதுவரைக்கும் எதைப் படிச்சாங்க? இதைக் கேட்ட அன்னிக்கு 'அக்கா' போய் 'மேடம்' வந்துட்டுது.

74-ஆம் நாள் அறிக்கை வந்தது. 15 பக்கம் இல்ல, நாலு பக்கம். அதுல ரெண்டரைப் பக்கம் என் கதையை எனக்கே சொல்லியிருந்தாங்க. மிச்சத்துல, "இந்நாவல் மனித உணர்வுகளின் அழகிய திரைச்சீலையை நெய்கிறது" அப்படின்னு ஒரு வரி. எங்க ஊர்ல திரைச்சீலை எங்கிட்டு இருக்கு? ஏஐ-ல போட்டு எடுத்ததுன்னு என்னால நிரூபிக்க முடியாது, ஆனா மனுஷன் இப்படி எழுத மாட்டான்.

கேக்கிறதுக்குச் சிரிப்பா இருக்கும், எனக்கு வயிறு எரியுது: "தாயின் மரணக் காட்சி கண்களை ஈரமாக்குகிறது. ஆயினும் சற்றே சுருக்கலாம்." என் நாவல்ல தாய் சாகவே இல்ல! முதல் தடவை எழுதினப்போ சாகடிச்சிருந்தேன். போன வருஷம் மனசு கேக்காம, தை பிறந்ததும் அவ வாருபலகையைத் தூக்கிக்கிட்டு மறுபடி அளத்துக்குப் போற மாதிரி மாத்திட்டேன். கதைச்சுருக்கத்தை மட்டும் மாத்த மறந்து பழசையே அனுப்பிட்டேன். அந்த ரெண்டு பக்கத்தைத்தான் படிச்சிருக்காங்க. இல்லாத அத்தியாயத்தைச் சுருக்கச் சொல்லி 18,500 ரூபாய்.

அம்மாகிட்ட இதை வாசிச்சுக் காட்டினேன். "ஏட்டி, என்னையக் கொன்னதுக்கா அவனுக்கு ரூவா குடுத்த?"ன்னு கேட்டா.

வரிக்கு வரி குறிப்புன்னு வந்த ஃபைல்ல, 'அளம்'னு வந்த இடத்தையெல்லாம் 'களம்'னு மாத்தியிருக்காங்க. மொத்தமா ஒரே தட்டுல மாத்தினது. உப்பளத்தையும் விடல, 'உப்புக்களம்'னு ஆக்கிட்டாங்க. சந்திப் பிழை ஒண்ணுகூடத் திருத்தல. மூத்த எழுத்தாளராம்.

போன் பண்ணிக் கேட்டேன். அதே குரல்தான். "மேடம், விமர்சனத்தைத் தாங்குற பக்குவம் எழுத்தாளருக்கு வேணும்." மனசு ஆறல. எந்த விமர்சனத்தை நான் தாங்கல? செத்தவ உயிரோட இருக்கான்னு சொல்றது பக்குவக் குறைவா? பணத்தைத் திருப்பிக் கேட்டதும் வேற பேச்சு. அவங்களே 45,000-க்குப் புத்தகமா போட்டுத் தருவாங்களாம், என் 18,500-ஐ அதுல கழிச்சுக்குவாங்களாம். பட்டியல் வந்தது. ஐஎஸ்பிஎன்னு புத்தகத்துக்குப் போடுற அடையாள எண்ணுக்கு 3,000, காப்புரிமைப் பதிவுக்கு 5,000. நம்ம நாட்டுல ஐஎஸ்பிஎன் இலவசம், மத்திய அரசோட ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமைதான் குடுக்குது. இலக்கியப் படைப்புக்குக் காப்புரிமைப் பதிவுக் கட்டணம் 500 ரூபாய். பதியாட்டியும் எழுதினவருக்கு உரிமை உண்டு.

பொங்கல் சமயம் சென்னைக்குப் போனப்போ நந்தனம் புத்தகக் கண்காட்சியில ஒரு பதிப்பகத்து ஸ்டால்ல நின்னு கேட்டேன். அறிக்கையைக் காட்டினேன். அவர் திருப்பிக்கூடப் பாக்கல. "இதெல்லாம் எங்களுக்கு எதுக்கும்மா? முதல் முப்பது பக்கம் அனுப்புங்க, நாங்களே படிப்போம்"னார். காசு கேக்கல. இது தெரியாமத்தானே காசை அழுதேன்.

1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் பதிஞ்சேன். கம்பெனி குடுத்த பதில் ஒரே வரி: 'சேவை வழங்கப்பட்டது'. அதுக்கப்புறம்தான் பிளாக்.

வரிசையா சொல்றேன்னேன். மணி பதினொண்ணரை ஆயிட்டுது, காலைல லோடு கணக்கு இருக்கு, சட்டுன்னு சொல்லிடுறேன். படிக்கப் போறவர் பேர் சொல்லாத இடத்துக்குக் காசு போடாதீங்க. மொத்தமா போடாதீங்க, ஒரு அத்தியாயத்துக்கு மட்டும் குடுத்துக் குறிப்பு எப்படி வருதுன்னு பாருங்க. உங்க வரியை உங்களுக்கே வாசிச்சுக் காட்டினா அன்னிக்கு ஜிபேயைத் திறக்காதீங்க. கதைச்சுருக்கத்துல வேணும்னே ஒரு பொய் முடிவை எழுதி அனுப்புங்க, படிச்சாங்களா இல்லையான்னு தெரிஞ்சு போகும்.

நுகர்வோர் ஆணையத்துல நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம், 2019 சட்டத்துல வழி இருக்கு. குடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணமும் இல்ல. திங்கக்கிழமை அரை நாள் லீவு சொல்லியிருக்கேன். ஸ்கிரீன்ஷாட் மட்டும் 41 பக்கம் வருது, ஜெராக்ஸ் எடுக்கணும்.