குழந்தைக்குக் கீஹோல் ஹெர்னியா ஆபரேஷன்: கோயமுத்தூரில் பார்த்ததும் கொடுத்ததும்

"ஊர்ல வெச்சே பையனுக்கு ஆபரேஷன் பண்ணிட்டு வந்தீங்களாமே, எப்படி?" என்று இங்கிலாந்தில் இருக்கும் நம்மாட்கள் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரி பெயரை மட்டும் கேட்காதீர்கள், பாராட்டும் புகாரும் கலந்துதான் வரப்போகிறது.

பையனுக்கு மூன்று வயது. கோடை லீவுக்குத் தாராபுரம் பக்கம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். குளிக்க வார்க்கும்போது அவனுடைய அமுச்சி, அதாவது என் அம்மாதான் கவனித்தார்: வலது தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவு புடைப்பு. அழுதால், முக்கினால் வெளியே வரும். படுத்தால் காணாமல் போகும். "காசை வெச்சு இறுக்கிக் கட்டுனா அமுங்கிரும் கண்ணு" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. தொப்புள் புடைப்புக்குத்தான் ஊரில் அப்படிக் கட்டுவார்கள். அது பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானாகவே மூடிக்கொள்வதால் பெயர் காசுக்குப் போய்விடுகிறது. தொடை இடுக்கில் வருவது தானாக மூடாது, ஆபரேஷன்தான்.

பையன் அழுதபோது புடைப்பைப் போனில் வீடியோ எடுத்து வைத்தேன். டாக்டர் முன்னால் போய் நின்றால் அது எட்டிப் பார்க்கவே இல்லை! வீடியோவைப் பார்த்தார், படுக்கவைத்துத் தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் வேண்டாம் என்றார். ஊரில் ஒரு டாக்டர் ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

அவர் குழந்தைகளுக்கென்றே எம்.சிஎச். (அறுவை சிகிச்சையில் உயர் சிறப்புப் பட்டம்) படித்த சர்ஜன். மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினார். கர்ப்பத்தில் ஏழாம் மாதவாக்கில் ஆண் குழந்தையின் விரை வயிற்றுக்குள்ளிருந்து கீழே இறங்குகிறது. அதோடு வயிற்றின் உள்சவ்வும் ஒரு குழாயாக நீண்டு வரும். அந்தக் குழாய் பிறக்கும் சமயத்தை ஒட்டி மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் விட்டால் அதன் வழியே குடல் இறங்குகிறது, இதுதான் ஹெர்னியா. குறைமாதக் குழந்தைகளுக்கு இது அதிகம், பையன்களுக்கு அதிகம், வலது பக்கம் அதிகம். பெண் குழந்தைகளுக்கும் வரும், அப்போது சினைப்பையே கூட இறங்கி நிற்கலாம். பெரியவர்களுக்குத் தசை பலவீனமாவதால் வலை வைத்துத் தைக்கிறார்கள். குழந்தைக்குத் தசையில் கோளாறில்லை, குழாயின் வாயைக் கட்டினால் போதும், வலை கிடையாது. இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள், பில் கவுன்ட்டரில் தேவைப்படும்.

இங்கிலாந்துக்குத் திரும்பி ஜிபியை (குடும்ப டாக்டரை) பார்த்து, அவர் எழுதிக் கொடுத்து, வரிசையில் நிற்கலாமா என்றும் யோசித்தோம். அங்கே அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் சொல்லும் 18 வாரக் காத்திருப்புக் கெடு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். இறங்கிய குடல் மாட்டிக்கொண்டால் புடைப்பு கல்லாக இறுகும், உள்ளே போகாது, குழந்தை வாந்தி எடுக்கும், அழுகை நிற்காது. அப்படி ஆனால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். லீவு நிறைய மிச்சமிருந்தது, இங்கேயே முடித்துவிடலாம் என்று முடிவானது.

கீஹோலா, ஓப்பனா? டாக்டர் நேர்மையாகவே சொன்னார்: "ரெண்டுமே நல்லதுதானுங்க." ஓப்பன் என்றால் தோல் மடிப்பில் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கீறல். காலங்காலமாகச் செய்துவருவது, அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம். கீஹோல் (லேப்ராஸ்கோப்பி) என்றால் தொப்புள் வழியாக 5 மில்லிமீட்டர் கேமரா, பக்கத்தில் 3 மில்லிமீட்டர் கருவிகள், வயிற்றை உப்பவைக்கக் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு. மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டு முழு மயக்கம் கொடுக்க வேண்டும். இதில் உள்ள பெரிய வசதி, மறுபக்கத்துக் குழாயும் திறந்திருக்கிறதா என்று கேமராவிலேயே பார்த்துவிடலாம். திறந்திருந்தால் அதையும் மூடிவிடலாமா என்று முன்கூட்டியே கேட்டுக் கையெழுத்து வாங்கினார். திறந்திருப்பதெல்லாம் ஹெர்னியாவாக மாறுவதில்லை, அதனால் மூடாமல் விடுகிற சர்ஜன்களும் உண்டு என்பதையும் மறைக்கவில்லை.

கவுன்ட்டரில் வேறு பாட்டு. "ஓப்பன்னா தழும்பு பெருசா நிக்குமுங்க்கா, லேப்ராஸ்கோப்பி பேக்கேஜ் போட்டுக்கங்க" என்றது அந்தப் பெண். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. நாங்கள் கீஹோல் எடுத்தது மறுபக்கத்தையும் பார்த்துவிடலாம் என்பதற்காக. என்னைக் கேட்டால் எத்தனை ஓட்டை என்பதைவிட, ஆபரேஷன் செய்பவர் குழந்தைகளுக்கான சர்ஜனா, மயக்கம் கொடுப்பவர் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பழகியவரா என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

எஸ்டிமேட்டை வரி வரியாகப் படித்தேன். நடுவில் "மெஷ்" என்று, அதாவது அந்த வலைக்கு, ஒரு தொகை! பெரியவர்களுக்கான ஹெர்னியா பேக்கேஜை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கேட்டதும் முகத்தில் சலனமே இல்லாமல் அந்த வரியை அடித்துவிட்டுக் கொடுத்தார்கள். கேட்காதவர்கள் எத்தனை பேர் கட்டியிருப்பார்களோ. இன்னொன்று, ஐசியூ அல்லாத அறைக்கு நாள் வாடகை 5,000 ரூபாயைத் தாண்டினால் 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. அதற்குக் கீழே உள்ள அறையே தாராளமாகப் போதும். பையனுக்கு ஆதார் இல்லாததால் கம்ப்யூட்டர் எங்களை ஏற்கவே மறுத்தது. ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை), பாஸ்போர்ட் நகல்களை எடுத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் நடந்தோம். என் கார்டும் வேலை செய்யவில்லை, அப்பாவின் ஜிபேதான் காப்பாற்றியது.

ஆபரேஷன் அன்று ஒரே ஒரு கோபம். "ராத்திரி பன்னெண்டுக்கு மேல பச்சைத் தண்ணி கூடக் கூடாது" என்று நர்ஸ் சொல்லிவிட்டார். எங்கள் முறையோ பதினோரு மணிக்கு. தண்ணி தண்ணி என்று பையன் கதறினான். ரவுண்ட்ஸ் வந்த மயக்க டாக்டரம்மா அதைக் கேட்டுக் கடுப்பாகி, சாப்பாட்டுக்குத்தான் ஆறு மணி நேரம், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம் என்று சொல்லித் தானே டம்ளரை நீட்டினார். தியேட்டருக்குள் என்னையும் கூட்டிப் போனார். "இந்த பலூனை ஊது பாக்கலாம் சாமி" என்று மாஸ்க்கை வைத்தார், நாலைந்து மூச்சில் தூங்கிவிட்டான். தூங்கிய பிறகு முதுகின் அடிப்பகுதியில் ஒரு மரப்பு ஊசி. அதனால் விழிக்கும்போது வலியே இல்லை, கால் மட்டும் கொஞ்ச நேரம் தொளதொளவென்று இருந்தது.

முடித்துவிட்டு வந்த சர்ஜன் வீடியோவைக் காட்டினார். வழவழப்பான இளஞ்சிவப்புச் சுவரில் ஒரு கருந்துளை. அதன் ஓரத்தில் வெள்ளையாக ஓடும் விந்துக் குழாயைத் தொடாமல் ஊசி சுற்றி வருகிறது, நூலை இழுத்ததும் துளை சுருங்கி மூடிக்கொள்கிறது. இடது பக்கமும் திறந்துதான் இருந்தது, அதையும் மூடிவிட்டார்கள். சாயங்காலம் இட்லி சாப்பிட்டான். தோள் வலிக்குது என்றான். உள்ளே விட்ட வாயுவால் அப்படி இருக்கும், போய்விடும் என்றார்கள், போய்விட்டது. மருந்து என்று பார்த்தால் எடைக்குத் தகுந்த பாராசிட்டமால் சிரப் மட்டும்தான். தையல் பிரிக்க வேண்டியதில்லை.

எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துக்காரர் பேரனுக்கு இதே ஆபரேஷன், ஓப்பன் முறையில், அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் நடந்திருக்கிறது. பையன் மரம் ஏறிக்கொண்டிருக்கிறான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வேறு இருக்கிறது. நம்மைப் போல் வெளியூரிலிருந்து போகிறவர்களுக்குத்தான் இந்தச் செலவெல்லாம்.

ஒரு வாரம் கழித்துக் காட்டிவிட்டு ஃப்ளைட் ஏறச் சொன்னார். டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டு பக்கமும் மூடியது, என்ன முறை, என்ன நூல் என்பதெல்லாம் தெளிவாக இருக்கும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் ஜிபி முதலில் கேட்டது அதைத்தான். ஆறு மாதம் கழித்து விரைகள் கீழே சரியாக நிற்கின்றனவா என்று ஒருமுறை பார்க்க வேண்டும், அதை ஜிபியே பார்த்துவிடுவார்.