‘ஒரே ரோல்’ என்று விற்ற ஏழு குவில்ட் பேனல்கள்: பணம் கட்டுமுன் படியுங்கள்

“ஒன் பிளாக் வொண்டர் செட், 7 பேனல், ஒரே ரோல், ஒரே லாட்” என்று இணையச் சந்தையில் விற்கப்படும் பூப்போட்ட பேனல்களை வாங்க நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். குவில்ட் என்பது துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை. பேனல் என்பது அகலம் முழுக்க ஒரே பெரிய படம் அச்சான துணி. அந்த ஒரே படத்தின் பிரதிகளை வெட்டி அறுகோணங்களாகத் தைப்பதுதான் ஒன் பிளாக் வொண்டர். லாட் என்றால் ஒரே சமயத்தில் அச்சான தொகுதி. அமெரிக்காவில் எங்கள் தையல் வட்டத்துக்கு வந்த இப்படியொரு செட்டின் விலை 98 டாலர். பிரித்துப் பார்த்தபோது ஏழும் ஒன்றாகத்தான் தெரிந்தன. மேசையில் அடுக்கிக் குண்டூசி குத்தியதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. நான்கு மட்டுமே ஒரே ரோலைச் சேர்ந்தவை. இரண்டு ஏற்கெனவே துவைத்து, அச்சு அரை அங்குலம் குறுகியவை. இன்னொன்று வேறொரு சமயத்தில் அச்சான துணி.

அரை அங்குல வித்தியாசத்துக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்கள் இந்த வேலை நடக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஆறு பேனல்களை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு மகரந்தத்தின் நுனி அடுத்த ஐந்திலும் அதே நுனிக்கு நேராக வரும்படி அடுக்குகிறோம். அந்த அடுக்கை 3¾ அங்குலப் பட்டைகளாக வெட்டி, ஒவ்வொரு பட்டையையும் 60 டிகிரி ரூலரால் சமபக்க முக்கோணங்களாக்குகிறோம். ஒரு வெட்டுக்கு அச்சு அசலாக ஒரே மாதிரி ஆறு முக்கோணம் கிடைக்கும். அவற்றை ஒரு முனையில் கூட்டித் தைத்தால் அறுகோணம், அதற்குள் கலைடாஸ்கோப்பில் தெரிவது போன்ற கோலம். கால் அங்குலத் தையல் போக முக்கோணத்தின் உயரம் 3 அங்குலம், அறுகோணம் பக்கத்துக்குப் பக்கம் 6 அங்குலம். ஏழாவது பேனலை வெட்டுவதில்லை. அது குவில்ட்டின் நடுவே முழுசாக உட்காரும்.

24 அங்குல உயரமுள்ள பேனலில் ஆறு பட்டை வரும். பட்டைக்குப் பதினேழு வெட்டு என்று வைத்தாலே நூறு அறுகோணம் தாண்டும். இத்தனைக்கும் அடிப்படை, ஆறு அச்சும் ஒன்றின்மேல் ஒன்று உட்காருவது. இரண்டு பேனலில் அச்சு அரை அங்குலம் குறுகியிருந்தால், இடது ஓரத்தில் சரியாகப் பொருந்தும், பாதி தூரத்தில் கால் அங்குலம் விலகும், வலது ஓரத்தில் அரை அங்குலம். தைத்து முடித்த 3 அங்குல முக்கோணத்தில் கால் அங்குலம் என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. நடுவில் ஆறு முனையும் கூடும் இடத்தில் இதழ்க்கோடு வட்டமாகச் சுற்றி வர வேண்டும். அது இரண்டு இடத்தில் அறுந்து நிற்கும். தையல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. அரைக்கால் அங்குலம் வரை கண் மன்னிக்கும், அதற்கு மேல் மன்னிக்காது.

பேனல் சதுரமாக இல்லையே, அச்சு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதே என்று பலர் பயப்படுகிறார்கள். அது பெரிய விஷயமே இல்லை. ஆலையில் துணியை இழுத்துக் காயவைக்கும்போது ஊடை (குறுக்கு நூல்) கொஞ்சம் வளைவது சகஜம். ஆறும் ஒரே மாதிரி சாய்ந்திருந்தால் கலைடாஸ்கோப்புக்கு ஒரு பாதகமும் இல்லை. ஒரே ரோலில் அடுத்தடுத்து வெட்டிய பேனல்கள் அப்படித்தான் சாய்ந்திருக்கும். அதனால்தான் ‘ஒரே ரோல்’ என்ற சொல்லுக்கு நாம் கூடுதல் காசு கொடுக்கிறோம். அந்தச் சொல்லைப் பொய்யாகப் போடுவது சின்னத் தவறில்லை, விற்ற சரக்கே வேறு என்றுதான் பொருள்.

அந்த செட்டில் கண்டவற்றைச் சொல்கிறேன். இடது மொட்டின் நுனியிலிருந்து வலது ஓர இலையின் நுனி வரை அளந்தால் நான்கு பேனலில் 40¼ அங்குலம், இரண்டில் 39¾. அந்த இரண்டிலும் புதுத்துணியின் மொடமொடப்பு இல்லை. வெட்டிய ஓரத்தில் நூல் பிரிந்து முறுக்கிக்கொண்டு கிடந்தது. இரண்டு கரையையும் (துணியின் நெய்த ஓரங்கள்) நறுக்கி எடுத்திருந்தார்கள். குவில்ட் பருத்தி துவைத்தால் 3 சதவீதம்கூடச் சுருங்கும், இஸ்திரிப் பெட்டியால் இழுத்துத் தேய்த்தால் அதில் ஒரு பகுதி மீளும். யாரோ வாங்கித் துவைத்துத் திருப்பிக் கொடுத்த துணி என்பதுதான் எங்கள் கணிப்பு. ஏழாவதில் அளவு ஏறக்குறைய சரி, பின்னணியின் வெண்ணெய் நிறம் மட்டும் சாம்பல் பூத்திருந்தது. நடுவில் வைக்கும் பேனல்தானே, நிறம் மாறினால் என்ன என்று விற்றவர் கேட்டார். நடுப்பேனலின் பின்னணி சுற்றியுள்ள அறுகோணங்களோடு கரைந்து போவதில்தான் இந்த வகைக் குவில்ட்டின் அழகே இருக்கிறது. நிறம் மாறினால் ஒட்டுப்போட்டது போல ஒரு சட்டம் தெரியும்.

விற்றவர் அனுப்பிய பதில்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், இதே பதில்தான் உங்களுக்கும் வரும்.

“கையால் வெட்டுகிறோம், அரை அங்குலம் முன்னே பின்னே இருக்கும்.” வெட்டிய ஓரம் முன்னே பின்னே இருக்கலாம், அதில் தகராறில்லை. மொட்டு நுனிக்கும் இலை நுனிக்கும் உள்ள தூரம் கத்தரிக்கோலால் மாறாது. நீங்கள் அளப்பது எப்போதும் அச்சிலுள்ள இரண்டு புள்ளிக்கு நடுவே இருக்க வேண்டும், ஓரத்துக்கு ஓரம் அல்ல.

“எல்லாவற்றையும் ஒரு தடவை துவைத்துவிடுங்கள், சமமாகிவிடும்.” இதைச் செய்யவே செய்யாதீர்கள். துவைத்த துணியைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று அவர்கள் விதியிலேயே இருந்தது. அதோடு ஆறு துணியும் ஆறு விதமாக முறுக்கிச் சுருங்கும், கஞ்சிப் பசையும் போய்விடும். இந்த வேலைக்குப் பேனலைத் துவைக்காமல் வெட்டுவதே வழக்கம்.

“15 டாலர் தருகிறோம், துணியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், புகாரை மூடிவிடுங்கள்.” மூடினால் கதை முடிந்தது. பேபால் வழியாகக் கட்டியிருந்தால், மூடிய புகாரை மறுபடி திறக்க முடியாது. அதில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த பிறகு 20 நாளுக்குள் அதை அடுத்த கட்டத்துக்கு, அதாவது பேபாலே தீர்ப்புச் சொல்லும் கட்டத்துக்கு, கொண்டுபோகாவிட்டால் தானாக மூடிக்கொள்ளும். ‘பேசித் தீர்த்துக்கொள்வோம்’ என்று இழுத்தடிப்பவர்கள் இந்த 20 நாளைத்தான் கணக்குப் பண்ணுகிறார்கள். அமெரிக்காவில் கிரெடிட் கார்டில் கட்டியவர்களுக்கு 1974-ஆம் ஆண்டின் ஃபேர் கிரெடிட் பில்லிங் சட்டம் இருக்கிறது. ஒப்புக்கொண்டபடி வராத சரக்கு என்று, அந்தத் தொகை இடம்பெற்ற முதல் பில் அனுப்பப்பட்டு 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். டெபிட் கார்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. முன்பதிவு என்று பணம் வாங்கிக்கொண்டு சரக்கைத் தாமதமாக அனுப்பும் கடைகளிடம் இந்த நாள் கணக்கு இன்னும் முக்கியம்.

எங்கள் விஷயத்தில் முழுப் பணமும் திரும்பி வந்தது. அதற்குக் காரணம், துணியைத் துவைக்காமல், வெட்டாமல், இன்ச் டேப்போடு எடுத்த படங்கள்.

பார்சல் வந்த அன்றே செய்ய வேண்டிய சோதனை இதுதான். நீராவி வேண்டாம், இழுக்கவும் வேண்டாம், மடிப்பு போகக் கையால் நீவினால் போதும். அச்சில் ஐந்து கூரான புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள்: நான்கு மூலைக்கு அருகே ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. மகரந்த நுனி, இலை நுனி, காம்பு கிளைக்கும் இடம் போன்றவை நல்லது. மங்கலான நிழல் உதவாது. குறுக்கே, நெடுக்கே, மூலைவிட்டமாக மூன்று அளவும் எடுத்து, ஏழு பேனலுக்கும் எழுதுங்கள். குறுக்களவை மட்டும் எடுத்து விட்டுவிடாதீர்கள், சாய்வு வித்தியாசம் மூலைவிட்டத்தில்தான் பிடிபடும். பிறகு ஆறையும் அடுக்கி, தட்டைத் தலைக் குண்டூசியை மேல் பேனலின் புள்ளியில் செங்குத்தாக இறக்குங்கள். ஒவ்வொரு அடுக்காகத் தூக்கிப் பார்த்தால், ஊசி அதே புள்ளியில் வெளிவருகிறதா என்று தெரியும். ஐந்து இடத்திலும் வந்தால் செட் நல்லது. படம் எடுக்கும்போது டேப்பின் பூஜ்யமும் முடிவு எண்ணும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். கரை இருக்கிறதா, நறுக்கப்பட்டதா என்பதும் தெரியட்டும்.

நூலையும் சோதிக்கலாம். வெட்டிய ஓரத்திலிருந்து ஒரே ஒரு இழையை உருவி, கிண்ணத்துக்கு மேல் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனையும் பொடியும் சாம்பலும் வரும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும். ‘காட்டன் பேனல்’ என்று பாலியெஸ்டரை அனுப்புவதும் உண்டு. அது பருத்திச் சூட்டில் பளபளத்து வழுக்கும், முக்கோணத்தின் சாய்வான ஓரங்கள் வளைந்துவிடும்.

இதெல்லாம் வாங்கிய பின். வாங்கும் முன்பே பாதி தெரிந்துவிடும். விளம்பரத்தில் போட்டிருக்கும் முடித்த குவில்ட் படத்தைப் பெரிதாக்கி ஒரே ஒரு அறுகோணத்தை எடுங்கள். ஆறு துண்டும் ஒரே படமாக, காற்றாடி போல ஒரே திசையில் சுழல வேண்டும். துணியெல்லாம் முகம் மேலே பார்த்தபடி வெட்டப்படுவதால், பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் கண்ணாடி பிம்பமாக எதிரெதிரே திரும்பி நிற்க வழியில்லை. அச்சிலேயே அப்படி ஒரு சமச்சீர் இருந்து, வெட்டு அதன் நடுவே விழுந்தால் மட்டும் அப்படித் தோன்றும். படம் முழுக்கப் பட்டாம்பூச்சி இறக்கை போல விரிந்திருந்தால், அந்த பேனலிலிருந்து தைத்ததல்ல, கணினியில் செய்த படம். துண்டுகள் ஆறும் ஆறு விதமாக இருந்தாலும் அதே முடிவுதான். அறுகோணங்களையே துணியில் அச்சடித்து, தைத்த குவில்ட் என்று ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். அதில் தையல் வரியின் பள்ளம் எங்கேயும் தெரியாது.

அடுத்து ஒரு கேள்வி கேளுங்கள்: “ஏழு பேனலையும் தனித்தனியாக வெட்டாமல், இரண்டு கரையோடும், ஒரே நீளமாக அனுப்ப முடியுமா?” 24 அங்குல பேனல் ஏழு என்றால் 168 அங்குலம், அதாவது நாலே முக்கால் கெஜத்துக்கும் சற்றுக் குறைவு. கையில் ரோல் வைத்திருக்கும் கடைக்கு இது சுலபம், ஆறு வெட்டு மிச்சம். அங்கிங்கு மிஞ்சியதைச் சேர்த்து செட் கட்டுபவரால் முடியவே முடியாது. எங்களுக்கு விற்றவரிடம் பிற்பாடு இதைக் கேட்டபோது பதிலே இல்லை. கரையையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நிறுவனத்தின் பெயரும் வடிவமைப்பின் பெயரும் அங்கேதான் அச்சாகியிருக்கும். அது ஏழிலும் ஒரே இடத்தில் தொடங்க வேண்டும்.

பணம் திரும்பிவிட்டது, துணியை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள் என்றால், பொருந்தாத செட்டையும் உருப்படியாக்கலாம். புகார் முடியும்வரை கத்தியை எடுக்காதீர்கள். முடிந்தபின், பேனல் ஒவ்வொன்றையும் அச்சிலுள்ள அதே புள்ளிகளை வைத்து ஏறக்குறைய 10 அங்குல அகலமுள்ள நான்கு பாகங்களாகப் பிரித்துவிடுங்கள். முதல் பாகங்கள் ஆறையும் தனியாக அடுக்கி, நடுவிலுள்ள புள்ளியில் ஊசி குத்துங்கள். 40 அங்குலத்தில் அரை அங்குலமாக இருந்த விலகல் 10 அங்குலத்தில் அரைக்காலாகக் குறையும். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பங்கு போட்டால் அதிலும் பாதிதான். கஞ்சி ஸ்ப்ரே அடித்து, குறுகிய துணியை ஊடைவாக்கில் மெல்ல நீவித் தேய்த்தால் அந்த மிச்சமும் போய்விடும். பாவுவாக்கில் (நெடுக்கு நூலின் திசையில்) இழுத்தால் துணி நீளாது. பாகத்தின் ஓரங்களில் வெட்டு வீணாவதால் அறுகோணங்கள் குறையும், பட்டைக்கு ஐந்து வரை போகும் என்று கணக்கு வையுங்கள்.

நிறமும் வேறாக இருந்தால் வேறு வழி. நான்கும் இரண்டுமாகப் பிரிந்த செட்டில், மாறுபட்ட இரண்டு முக்கோணத்தையும் அறுகோணத்தில் எதிரெதிரே வையுங்கள். மூன்றும் மூன்றுமாகப் பிரிந்திருந்தால் ஒன்றுவிட்டு ஒன்று வைக்கலாம். அப்போது அந்த வித்தியாசம் வேண்டுமென்றே போட்ட கோலமாகத் தெரியும். நான்கு மட்டும் தேறினால் முக்கோணத்தை விட்டுவிட்டுச் சதுரமாக வெட்டி, நான்கு சதுரத்தை ஒரு முனையில் கூட்டித் தையுங்கள். எப்படிச் செய்தாலும் அறுகோணத்தை மூன்று மூன்று முக்கோணமாக இரண்டு பாதியாகத்தான் தைக்க வேண்டும். நடுத்தையலைப் போடாமல் பாதிகளைக் குண்டூசியால் சேர்த்துச் சுவரில் ஒட்டி, இடம் முடிவான பிறகு வரிசை வரிசையாக நேர்த்தையல் போடுங்கள். வெவ்வேறு லாட் துணி கலந்திருக்கும்போது இது கூடுதல் அவசியம். எந்த வெளுத்த துண்டு எதன் பக்கத்தில் வரக்கூடாது என்பது சுவரில் மொத்தமாகப் பார்த்தால்தான் தெரியும், அப்போது ஊசியை உருவி இடம் மாற்றிக்கொள்ளலாம்.