பிஎஸ்பியில் ட்விஸ்டட் மெட்டல் ஹெட்-ஆன்: பல வருடம் ஓட்டிய பிறகு

2005 மார்ச்சில் சோனியின் கையடக்க கேம் கருவியான பிஎஸ்பி வட அமெரிக்காவில் வெளியானபோது கூடவே வந்த கேம்களில் ஒன்று ட்விஸ்டட் மெட்டல்: ஹெட்-ஆன். இன்காக்னிட்டோ என்ற நிறுவனம் உருவாக்கியது. எனக்குக் கிடைத்தது சில வருடம் கழித்து, யாரோ ஆடித் தீர்த்த பழைய யுஎம்டியாக, அதாவது பிஎஸ்பிக்கான சின்ன டிஸ்க்காக. பிஎஸ்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் உள்ளே இன்றும் பெரும்பாலும் இந்த டிஸ்க்தான் இருக்கும்.

தெரியாதவர்களுக்கு: இது ரேஸ் கேம் இல்லை. சுற்றி அடைத்த ஒரு ஊருக்குள் எல்லா வண்டியையும் விட்டுவிடுவார்கள். ஒன்றையொன்று சுட வேண்டியது, கடைசி வண்டியாக நிற்க வேண்டியது, அவ்வளவுதான். போட்டியை நடத்தும் கலிப்சோ ஜெயித்தவன் கேட்டதைக் கொடுப்பான், கேட்ட மாதிரி கொடுக்க மாட்டான். 1996இல் வந்த இரண்டாம் பாகத்தின் தொடர்ச்சி இது. இடையில் வந்த மூன்றையும் நான்கையும் கண்டுகொள்ளவே இல்லை. அந்த இரண்டையும் ஆடியவர்கள் யாரும் இதற்காக வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள்.

கையடக்கக் கருவிக்கு இந்த வகை கேம் இவ்வளவு பொருந்தும் என்று முதலில் நினைக்கவில்லை. ஒரு சண்டை சில நிமிடத்தில் முடிந்துவிடும். நடுவில் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்தால் பவர் ஸ்விட்சை மேலே ஒரு தள்ளு. வீட்டுக்கு வந்து மறுபடி தள்ளினால் என் மிசைல் காற்றில் நின்ற இடத்திலிருந்தே பறக்கும். கதை மறந்துபோகும் கவலை கிடையாது, கதையே அவ்வளவாகக் கிடையாது.

தொல்லை எல்லாம் இடது கட்டைவிரலுக்குத்தான். பிஎஸ்பியின் அனலாக், அதாவது எல்லாப் பக்கமும் தள்ளும் குமிழ், சட்டைப் பொத்தான் அளவு, நான்கு திசைப் பட்டன்களான டி-பேடுக்குக் கீழே இருக்கிறது. நான் வண்டியை அனலாகில்தான் திருப்புவேன். ஆனால் எதிரியை உறைய வைக்க டி-பேடில் இடது, வலது, மேல் என்று அடிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே விரல். விரலை மேலே கொண்டுபோகும் அந்த ஒரு நொடி வண்டி யாரும் ஓட்டாமல் நேராகப் போகும், எதிரே சுவர் இருந்தால் சுவரில். அதனால் என் ஆட்டமே மாறிவிட்டது: நீண்ட தெரு கிடைத்தால்தான் உறைய வைப்பேன், சந்துகளில் தானே எதிரியைத் துரத்தும் ஹோமிங் மிசைலோடு சரி. உறைந்து நிற்பவன் மேல் பவர் மிசைலை விடும்போது வரும் சுகத்துக்கு விரல் வலி பரவாயில்லை. பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் மேல் விளிம்பில் இருக்கும் தோள் பட்டன் நான்கு, இங்கே இரண்டுதான். அது ஒரு வாரத்தில் பழகிவிட்டது. அனலாக் இன்னும் பழகவில்லை.

4.3 அங்குலத் திரை, 480x272. பக்கத்தில் நடக்கும் சண்டைக்கு அது தாராளம். தூரத்து வண்டி மட்டும் நாலைந்து புள்ளியாகத்தான் தெரியும். ரேடாரைப் பார்த்து ஓட்டப் பழகிவிட்டேன். வெயிலில் ஆடலாம் என்று நினைக்காதீர்கள், உங்கள் முகம்தான் தெரியும்.

வண்டிகளில் எனக்கு ஸ்பெக்டர். சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் அதன் பேய் மிசைலுக்குக் குறி பார்க்கும் வேலை குறைவு, சின்னத் திரையில் அது பெரிய உதவி. மிஸ்டர் கிரிம் பைக்கில் வருபவன்: அடித்தால் பலமாக அடிப்பான், தன் மேல் இரண்டு பட்டால் காலி. இரண்டு ராட்சதச் சக்கரங்களுக்கு நடுவே கை விரித்து நிற்கும் ஆக்சலைப் பார்க்க ஜோர், ஓட்ட எனக்கு ஒத்துவரவில்லை. அட்டையில் நெருப்புத் தலையோடு சிரிக்கும் ஸ்வீட் டூத்தின் ஐஸ்கிரீம் வண்டியை எல்லோரும் முதலில் எடுப்பார்கள், நானும் எடுத்தேன். புதிதாக ஆடுபவர்கள் கிரிம் பக்கம் போக வேண்டாம்.

சாதாரண எதிரிகள் எல்லாம் ஒரு பக்கம், டார்க் டூத் ஒரு பக்கம். அந்த ராட்சத ஐஸ்கிரீம் வண்டியிடம் அடி வாங்கி பிஎஸ்பியை மூடிவைத்த இரவுகள் உண்டு.

தனியாக ஆடி ஆடி ஒரு கட்டத்தில் சலித்துவிட்டது. உயிர் கொடுத்தது, பக்கத்தில் இருக்கும் பிஎஸ்பிகளை நேரடியாக இணைக்கும் அட்ஹாக்தான். ஆறு பேர் வரை சேரலாம். ஒரே அறையில் ஆடும்போது யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பது திரையைவிடச் சத்தத்தில் முதலில் தெரிந்துவிடும். "டேய், நானில்லடா, பின்னாடி வரான் பாரு" என்று சொல்லிக்கொண்டே சுடுபவனோடு நட்பு வைத்திருப்பது கஷ்டம். இணையம் வழியாக ஆடும் வசதியும் இருந்தது, அந்த சர்வர்களை எப்போதோ மூடிவிட்டார்கள். போனில் பிஎஸ்பி கேம்களை ஓட்டும் பிபிஎஸ்எஸ்பிபி எமுலேட்டர் போட்டால் அட்ஹாக்கை இணையத்தில் நீட்டலாம், ஆனால் தொடுதிரையில் இந்த கேமை ஆடச் சொல்ல எனக்கு மனசு வராது. புளூடூத் கன்ட்ரோலர் இருந்தால் சரி.

விரல் தாங்காது என்பவர்களுக்கு 2008இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த இதே கேமின் எக்ஸ்ட்ரா ட்விஸ்டட் எடிஷன் இருக்கிறது. கைவிடப்பட்ட ட்விஸ்டட் மெட்டல்: பிளாக் தொடர்ச்சிக்காகச் செய்த லெவல்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். அப்புறம், பழைய பிஎஸ்பி வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். மூடி சரியாக உட்காரவில்லை என்றால் பேட்டரி உப்பியிருக்கும், அதைச் சார்ஜ் போடவே கூடாது. யுஎம்டியின் பிளாஸ்டிக் கூடு ஓரத்தில் விரிந்திருக்கிறதா, டிஸ்க் உள்ளே தாராளமாகச் சுற்றுகிறதா என்பதையும் பாருங்கள். ஒரு லெவல் லோட் ஆகும் வரையாவது ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.