உப்பு மூட்டைக்கு முந்தைய பத்து வினாடி: பக்கிளா, கட்டுப் பட்டையா, நீளத் துணியா?

குழந்தையைக் கேரியரில், அதாவது உடம்போடு சேர்த்துக் கட்டும் துணியில், முன்னால் கட்டிக்கொண்டு வீடு முழுக்க வேலை செய்கிறவர்கள்கூட, முதுகுக்கு மாற்றச் சொன்னால் தயங்குவார்கள். நானும் அப்படித்தான் மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்ட குழந்தையைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. ஏறுகிற அந்தப் பத்து வினாடிதான் பிரச்சினை. குழந்தை கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போகிறது, ஒரு கை அதன் அடியில் மாட்டிக்கொள்கிறது, பட்டையைத் தேட மூன்றாவது கை கிடையாது. அதனால் விலை, நிறம், துணியின் மென்மை எல்லாம் அப்புறம். இந்தப் பத்து வினாடியை எந்தக் கேரியர் எப்படிக் கடக்கிறது என்பதை வைத்துத்தான் இங்கே தரம் பிரிக்கிறேன்.

முதலில் வயது. பக்கிள் வைத்த கேரியர்களில் பெரும்பாலானவை, குழந்தை துணையில்லாமல் உட்காரத் தொடங்கிய பிறகே முதுகுக்கு என்கின்றன. சுமார் 6 மாதம் என்று வையுங்கள். வாங்கிய கேரியரின் கையேட்டில் வேறு கணக்கு இருந்தால் அதுதான் கணக்கு. நீளத் துணியைச் சுற்றிக் கட்டுவதில் கை தேர்ந்தவர்கள் இன்னும் சீக்கிரமே தொடங்குவதுண்டு. புதிதாகப் பழகுகிறவர் காத்திருப்பதில் நஷ்டமே இல்லை. கழுத்து நிற்காத குழந்தையை வைத்து இதில் பயிற்சி எடுக்கவே கூடாது.

சரி, பக்கிள். இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு, குழந்தையை இடுப்பில் உட்கார வைத்து, துணியை அதன் முதுகின்மேல் ஏற்றி, ஒரு தோள் பட்டையை மாட்டிவிடலாம். அதற்குப் பிறகுதான் குழந்தை அக்குள் பக்கமாகப் பின்னால் நகர்கிறது. அதாவது நகரும் நேரத்தில் அது வெறுங்கையில் இல்லை, ஏற்கெனவே பாதி கட்டுக்குள் இருக்கிறது. பயந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. 'டக்' என்று பக்கிள் விழும் சத்தமும் சேர்ந்துகொள்கிறது. முடிச்சு சரியாக விழுந்ததா என்று யோசிக்க வேண்டியதில்லை, காது கேட்டுச் சொல்லிவிடும்.

குறை என்னவென்றால் குழந்தை தாழ்வாக உட்காரும். நம் முதுகுத் துணியைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது. வேடிக்கை பார்க்க ஒரு பக்கமாகச் சாயும், அந்தச் சாய்வு நம்மையும் சேர்த்து இழுக்கும். இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பில் போடாமல் தொப்புளுக்கு மேலே, விலாவுக்குக் கீழே ஏற்றிக் கட்டினால் இது பாதி சரியாகிவிடும். இரண்டு தோள் பட்டைகளையும் இணைக்கிற மார்புப் பட்டையை மறந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் தோள் பட்டை வெளிப்பக்கம் வழுக்கும், 'விழுந்துவிடுமோ' என்ற பயம் அங்கிருந்தே மறுபடி தொடங்கும்.

கட்டுப் பட்டை வகை, அதாவது மெய் டாய். நடுவில் ஒரு சதுரத் துணி, நாலு மூலையில் நாலு பட்டை, பக்கிள் எதுவும் கிடையாது. ஒருவர் உடம்புக்குச் சரிசெய்ததை இன்னொருவர் வந்து மாற்ற வேண்டியதில்லை என்பதால், இரண்டு பேர் மாறி மாறித் தூக்கும் வீட்டுக்கு இது வசதி. பத்து வினாடிக் கணக்கில் மட்டும் இது பக்கிளுக்குப் பின்னால்தான். குழந்தை முதுகுக்குப் போனபின் தோள் பட்டைகள் நீளமாகத் தொங்கும், தரையைப் பெருக்கும், நம் காலிலேயே மிதிபடும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு: இரண்டு பட்டையையும் முன்னால் இழுத்து முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்ள வேண்டும். இழுவிசை குறையாது, இரண்டு கையும் விடுபட்டுவிடும். குழந்தையின் பின்பக்கத்தைத் தூக்கிச் சரியாக உட்கார வைத்துவிட்டு நிதானமாகக் கட்டலாம். இதைக் கற்றுக்கொண்ட நாளில்தான் எனக்கு மூன்றாவது கை முளைத்தது.

நீளத் துணிதான் மூன்றிலும் கடினம். எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான், என் மனச்சாய்வைத் தெரிந்துகொண்டே படியுங்கள். முதுகுப்பை மாதிரி தோளில் போட்டுக் கட்டும் எளிய கட்டுக்கு மூன்று, மூன்றரை மீட்டர் போதும். இதில் பாதி கட்டுக்குள் என்ற சலுகை கிடையாது. முதலில் குழந்தை முதுகில், பிறகுதான் துணி. துணியின் கீழ் விளிம்பைக் குழந்தைக்கும் நம் முதுகுக்கும் நடுவே ஆழமாகச் செருகி, குழந்தையின் ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால்வரை தொட்டில் மாதிரி இருக்கை அமைக்க வேண்டும். முழங்கால் இரண்டும் பின்பக்கத்தைவிடச் சற்று உயரத்தில் இருந்தால் சரி. செருகியது போதாவிட்டால், குழந்தை காலை உதைத்து விறைப்பாக நின்ற அடுத்த நொடி இருக்கை வெளியே வந்துவிடும். எனக்கு மூன்றாம் நாளே வந்தது. கட்டிலின் மேல் மண்டியிட்டிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. என் இதயம் மட்டும் அரை மணி நேரம் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் துணியைச் சரியாகக் கட்டிவிட்டால் குழந்தையின் முகம் நம் தோளுக்கு மேலே இருக்கும். மூச்சு காதோரம் கேட்கும், எச்சில் கழுத்தில் வழியும். கண்ணால் பார்க்கவில்லையே என்ற கவலை அங்கே தானாக அடங்கிவிடுகிறது. பக்கிள் கொடுக்காத தைரியம் இது.

இடுப்புப் பட்டையே இல்லாத ஓன்புஹிமோ என்று ஒன்றும் உண்டு. மாட்டுவது வேகம், முழுப் பாரமும் தோளில். பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏற்றும் முறையிலும் போட்டி உண்டு. இடுப்பு வழியாக நகர்த்துவது தொடக்கத்துக்கு நல்லது, ஏனென்றால் குழந்தை நம் உடம்பை விட்டு ஒரு கணமும் விலகுவதில்லை. தோளுக்கு மேலாகத் தூக்கிப் போடும் சூப்பர்மேன் முறை பார்க்க வித்தை மாதிரி இருக்கும், சிறிய குழந்தையோடு வேகமும் அதிகம். ஆனால் பயத்தோடு செய்கிற வேலை இல்லை அது. கட்டிலில் கேரியரை விரித்து, குழந்தையை அதில் படுக்க வைத்து, நாம் தரையில் உட்கார்ந்து பட்டைகளை மாட்டும் முறை சோம்பேறிகளுக்கு ஏற்றதாகத் தோன்றும். உருளத் தெரிந்த குழந்தை அதற்கு ஒத்துழைக்காது, விளிம்புக்குப் போய்விடும்.

எதை எடுத்தாலும் முதலில் ஒரு பொம்மையோடு நாலு தடவை. அப்புறம் கட்டிலின் நடுவே மண்டியிட்டு, எதிரே கண்ணாடி வைத்து, பின்னால் ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நிற்க, நிஜக் குழந்தையோடு. நன்றாகக் குனியுங்கள். நிமிர்ந்து நின்றால் முதுகு சுவர், குழந்தை சறுக்கும். குனிந்தால் முதுகு பலகை, குழந்தை அதன்மேல் படுத்துக்கொள்ளும். கடைசி முடிச்சோ பக்கிளோ விழும்வரை ஒரு கை அதன் பின்பக்கத்தை விட்டு எடுக்கக் கூடாது. பசியிலோ தூக்கக் கலக்கத்திலோ இருக்கும் குழந்தையிடம் புது வித்தை காட்டாதீர்கள். கட்டி முடித்ததும் போனின் முன் கேமராவைத் தோளுக்கு மேல் பிடித்து, தாடை நெஞ்சில் புதையவில்லை, மூக்கு துணியில் அழுந்தவில்லை என்று பார்த்துவிடுங்கள். முதல் நாள் ஐந்து நிமிடம் போதும்.

ஒரே ஒரு கேரியர்தான் வாங்க முடியும் என்றால் பக்கிள். கையில் நேரமும் பொறுமையும் இருந்தால், கை பழகிய பிறகு நீளத் துணிக்கு மாறுங்கள். எதை வாங்கினாலும் தலைமுடியை உச்சியில் தூக்கிக் கட்டிவிடுங்கள். முதுகில் ஏறிய குழந்தைக்கு முதலில் கிடைக்கிற பொம்மை அதுதான்.