சட்டம் படித்தவருக்கு நீதிமன்றத்துக்கு வெளியே: நான்கு வேலைகளும் அவை மூடும் கதவுகளும்

கம்பெனி, வங்கி, கம்பெனி செக்ரட்டரி, ஆசிரியர் வேலை. வக்கீல் தொழில் வேண்டாம் என்று முடிவெடுத்த சட்டப் பட்டதாரிகள் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றில்தான் போய்ச் சேர்கிறார்கள். ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது சம்பளத்தை. அதற்கு முன்னால், ஒன்றில் சேர்ந்தால் மற்ற எந்தக் கதவு மூடும் என்று பார்க்க வேண்டும்.

வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் 49-ஆம் விதியிலிருந்து தொடங்குவோம். வழக்கறிஞராகத் தொழில் செய்பவர் முழுநேரச் சம்பள வேலை பார்க்கக் கூடாது. வேலையில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, அந்த வேலையில் இருக்கும்வரை தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். இந்த விதியை வைத்து இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, 'கோர்ட்டுக்கே போகப் போவதில்லை, என்ரோல்மென்ட் (வழக்கறிஞர் பதிவு) எதற்கு?' என்று விட்டுவிடுவது. பொதுத்துறை வங்கிகளின் சட்ட அலுவலர் பணிக்கு, வங்கித் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ் கேட்கும் தகுதி சட்டப் பட்டத்தோடு பார் கவுன்சில் பதிவும்தான். பதிவு செய்யாதவர் அங்கே விண்ணப்பிக்கவே முடியாது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, பதிவுக் கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் வாங்கக் கூடாது. ஆகவே செலவைக் காரணம் சொல்லித் தள்ளிப்போட வேண்டியதில்லை.

இரண்டாவது தவறு, பதிவு செய்துவிட்டு யாருக்கும் சொல்லாமல் வேலையில் சேர்வது. இமாச்சலப் பிரதேச மின்வாரியத்தில் முழுநேரச் சட்ட அலுவலராக இருந்துகொண்டே வழக்கறிஞர் பதிவையும் வைத்திருந்த ஒருவரின் பதிவு ரத்து செய்யப்பட்டதை 2001-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு பார் கவுன்சில் அலுவலகத்தில் எழுத்துமூலம் தெரிவித்து, ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் திரும்பி வருவதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

மூடும் கதவு இன்னொன்றும் உண்டு. 2025 மே 20 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, சிவில் நீதிபதி தேர்வு எழுதக் குறைந்தது 3 ஆண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் செய்திருக்க வேண்டும். கம்பெனி வேலையில் கழிந்த ஆண்டுகள் அந்தக் கணக்கில் வராது. 'முதலில் வேலைக்குப் போகிறேன், அப்புறம் ஜட்ஜ் எக்ஸாம் பார்க்கலாம்' என்று நினைப்பவர் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கம்பெனியா, வங்கியா?

இந்த இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும். இரண்டிலும் ஏசி அறை, மாதச் சம்பளம், வக்காலத்து கிடையாது. ஆனால் அன்றாட வேலை முற்றிலும் வேறு.

கம்பெனியில் சட்ட வேலை என்றால் பெரும்பாலும் ஒப்பந்தம். எதிர்த்தரப்பு அனுப்பிய வரைவை ட்ராக் சேஞ்சஸில் திருத்தி, எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட முடியாது என்று வணிகப் பிரிவுக்குச் சொல்ல வேண்டும். இழப்பீட்டுப் பொறுப்புக்கு உச்சவரம்பு இருக்கிறதா, ஒப்பந்தத்தை முறிக்க எத்தனை நாள் நோட்டீஸ், நடுவர் தீர்ப்பாயம் எந்த ஊரில் என்பவைதான் தினமும் வரும் கேள்விகள். புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குவது அந்நிய நாட்டு மாதிரியை அப்படியே எடுத்தாள்வதில். வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற ஷரத்து அமெரிக்க மாதிரிகளில் சாதாரணமாக இருக்கும். இங்கே 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி அது செல்லாது. முத்திரைத் தாளிலும் கவனம் வேண்டும். போதிய முத்திரை இல்லாத ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது, அது சரிசெய்யக்கூடிய குறை என்று 2023 டிசம்பரில் 7 நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. ஆனாலும் தகராறு வந்த பிறகு சரிசெய்யப் போனால் அபராதமும் தாமதமும் சேரும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். கம்பெனியின் சட்ட அலுவலருக்கு, தொழில் செய்யும் வழக்கறிஞருக்கு உள்ள இரகசியப் பாதுகாப்பு (கட்சிக்காரரோடு பேசியதை வெளியிடக் கட்டாயப்படுத்த முடியாது என்பது) முழுமையாகக் கிடையாது என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. நீங்கள் எழுதும் ஒவ்வொரு மின்னஞ்சலும் ஒருநாள் விசாரணை அதிகாரியின் மேசைக்குப் போகலாம் என்ற நினைப்போடு எழுத வேண்டும்.

வங்கியில் ஒப்பந்தப் பேரம் குறைவு, பத்திரம் அதிகம். அடமானச் சொத்தைப் பற்றி பேனல் வக்கீல் (வங்கியின் பட்டியலில் உள்ள வெளி வக்கீல்) கொடுத்த லீகல் ஒப்பீனியனைச் சரிபார்ப்பதே பாதி வேலை. மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா, பட்டாவில் உள்ள பரப்பும் பத்திரத்தில் உள்ள பரப்பும் ஒத்துப்போகின்றனவா, வாரிசுகளில் யாரேனும் கையெழுத்துப் போடாமல் விடுபட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பதை மட்டும் நம்பி ஒப்புதல் கொடுப்பதுதான் இங்கே பெரிய ஆபத்து. பதிவு செய்யாத உயில் அதில் வராது. குடும்பத்துக்குள் வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினையும் வராது.

மற்ற பாதி வேலை வசூல். அடமானச் சொத்தை வைத்து வங்கி நேரடியாகக் கடனை வசூலிக்க வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவில் 60 நாள் நோட்டீஸ், பிறகு 13(4)-ல் சுவாதீனம், அதை எதிர்த்துக் கடன்காரர் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னை, கோவை, மதுரை தீர்ப்பாயங்களில் வாதாடுவது பேனல் வக்கீல். தேதிகளும் ஆவணங்களும் பிசகாமல் பார்ப்பது சட்ட அலுவலர். அடமானம் இல்லாத கடனுக்கு 3 ஆண்டுக் காலவரம்பு முடிவதற்குள் ரிவைவல் லெட்டர் (கடன் பாக்கியைக் கடன்காரர் ஒப்புக்கொள்ளும் கடிதம்) வாங்க ஒரு கிளை மறந்தால், அந்தக் கடனுக்கு வழக்கே போட முடியாமல் போகும். அந்தத் தேதியை நினைவூட்ட வேண்டியவர் நீங்கள்.

வங்கியில் ஸ்கேல் 1 (தொடக்கநிலை அதிகாரி) அடிப்படைச் சம்பளம் 48,480 ரூபாய், படிகள் தனி. 30 வயதுக்குள் சேர வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. இடமாற்றம் நிச்சயம், அது இந்தியாவின் எந்த மூலையாகவும் இருக்கலாம். கம்பெனியில் சம்பளம் ஆளுக்கு ஆள் மாறும், வேலை பெருநகரங்களில்தான். பத்திரம் படிக்கும் பொறுமையும் நிலையான வாழ்க்கை ஆசையும் உள்ளவருக்கு வங்கி. ஆங்கிலத்தில் கூர்மையாக எழுதவும், எதிரே இருப்பவரோடு பேரம் பேசவும் பிடித்தவருக்குக் கம்பெனி. ஒரே வகை ஒப்பந்தத்தில் ஷரத்துகளைக் குறியிடுவது மட்டும்தான் வேலை என்று சொல்லும் அவுட்சோர்சிங் நிறுவனத்தை ஓராண்டுப் பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருந்தால் அந்த ஒரு மாதிரியைத் தவிர வேறொன்றும் கைக்கு வராது. நேர்முகத்திலேயே 'வரைவு எழுதுவது யார், எதிர்த்தரப்போடு பேசுவது யார்?' என்று கேட்டுவிடுங்கள்.

கம்பெனி செக்ரட்டரி

ஒரு நிறுவனம் கம்பெனிச் சட்டப்படி கூட்டம் நடத்துவதையும் படிவங்கள் தாக்கல் செய்வதையும் பார்த்துக்கொள்பவர் இவர். இதற்குப் புதிதாகப் படிக்க வேண்டும். எக்ஸிகியூட்டிவ் நிலையில் 7 தாள், புரொஃபஷனல் நிலையில் 7 தாள், நடுவே நீண்ட பயிற்சி. ஒவ்வொரு தாளிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். சட்டத் தாள்கள் வக்கீலுக்குப் படித்தவருக்கு எளிது. அவரைக் கீழே இழுப்பது கம்பெனிக் கணக்கியல் தாள்தான். குரூப்பில் மற்றவற்றில் நல்ல மதிப்பெண் எடுத்தும் அந்த ஒன்றில் 38 வாங்கினால் போதும், தேர்ச்சி நின்றுவிடும். ஆகவே படிப்பைக் கணக்கியலில் தொடங்குவது நல்லது.

இதன் பலம், வேலைக்கான தேவையைச் சட்டமே உண்டாக்கியிருக்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களும், 10 கோடி ரூபாயும் அதற்கு மேலும் செலுத்திய மூலதனம் உள்ள நிறுவனங்களும் முழுநேரச் செக்ரட்டரி வைத்தே ஆக வேண்டும். வேலை நாட்காட்டியோடு கட்டுண்டது. ஆண்டுக்கு 4 போர்டு கூட்டம், இரண்டுக்கு இடையே 120 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 30 நாளில் ஏஓசி-4 (நிதிநிலை அறிக்கைப் படிவம்), 60 நாளில் எம்ஜிடி-7 (ஆண்டறிக்கைப் படிவம்). தவறினால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். ஒழுங்கில் நிறைவு காண்பவருக்கு இது அருமையான வேலை. வாதத்தில் சுகம் காண்பவர் இரண்டே ஆண்டில் சலித்துவிடுவார்.

சட்டக் கல்லூரி

ஆசிரியர் வேலைக்கு வேண்டியது எல்.எல்.எம்.மில் (சட்ட முதுகலை) 55 சதவீதம், பிறகு நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வு. நெட்டில் பொதுத்தாள் 50 கேள்வி, சட்டத்தாள் 100 கேள்வி, 3 மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஊதியத்தில் உதவிப் பேராசிரியர் 57,700 ரூபாயில் தொடங்குவார். ஆனால் அந்த ஊதியம் நிரந்தரப் பணியிடத்துக்குத்தான். அரசு சட்டக் கல்லூரிகளுக்கான டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) அறிவிப்பு வரும்வரை கௌரவ விரிவுரையாளராகவோ தனியார் கல்லூரியிலோ குறைந்த ஊதியத்தில் காத்திருக்க வேண்டும். வீட்டுப் பொறுப்பு உள்ளவர் இந்தக் காத்திருப்பைக் கணக்கில் எடுக்காமல் இறங்கக் கூடாது.

மற்ற மூன்றிலும் இல்லாத ஒரு சலுகை இங்கே உண்டு. 1979-ஆம் ஆண்டு விதிகளின்படி, வழக்கறிஞர் ஒருவர் நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்கலாம், தொழிலை நிறுத்த வேண்டியதில்லை. கற்பிப்பது தனக்கு ஒத்துவருமா என்று எந்தக் கதவையும் மூடாமல் சோதித்துப் பார்க்க முடிகிற ஒரே வழி இதுதான்.

பேட்டன்ட் ஏஜென்ட் (காப்புரிமை விண்ணப்பங்களைப் பிறருக்காகத் தாக்கல் செய்பவர்) தேர்வைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதற்கு அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் கட்டாயம். பி.ஏ., பி.எல். படித்தவர் அதில் நேரம் செலவிட வேண்டாம். பி.எஸ்சி.யோ பி.இ.யோ முடித்துவிட்டு மூன்றாண்டுச் சட்டம் படித்தவருக்கு நல்ல வாய்ப்பு, கிண்டியிலேயே காப்புரிமை அலுவலகம் இருக்கிறது.

இறுதியாண்டில் இருப்பவர் இப்போதே திட்டமிட வேண்டியது: பட்டம் வந்ததும் பதிவு செய்து, இரண்டு ஆண்டுக்குள் அகில இந்திய பார் தேர்வை (பதிவு செய்தவர் தொடர்ந்து தொழில் செய்யத் தேவையான தேர்வு) முடித்துவிடுங்கள். 100 கேள்வி, குறிப்பில்லாத சட்டப் புத்தகங்களைக் கொண்டுபோகலாம், பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம் போதும். நீதிபதி தேர்வு மீது துளி ஆசை இருந்தாலும் அந்த மூன்றாண்டுத் தொழிலை முதலில் வையுங்கள். வேலை நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகே பார் கவுன்சிலுக்கு நிறுத்திவைப்புக் கடிதம் கொடுங்கள், வேலையில் சேரும் நாளுக்கு முன்பாக.