ஷென்லி பூங்காவுக்கு ஸ்பிரைட்டா, எம்.ஜி.பி-யா?

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கின் ஷென்லி பூங்காவில் 1983 முதல் பழைய ஸ்போர்ட்ஸ் கார் பந்தயம் நடக்கிறது. அதற்கு ஸ்பிரைட், எம்.ஜி.பி என்ற இரண்டு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் எது பொருந்தும்? சுற்று 2.33 மைல். சாதாரண பூங்காச் சாலைதான். ஓரத்தில் நடைபாதை விளிம்பு, கல் சுவர், கம்பம். சறுக்கினால் ஒதுங்க இடமில்லை. எனவே இங்கே குதிரைத்திறனைவிட பிரேக்கும் எடையுமே பெரிது.

1958-இல் வந்த முதல் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட்டில் 948 சிசி எஞ்சின், 43 குதிரைத்திறன். எம்.ஜி.பி-யில் 1798 சிசி, 95. ஏற்றத்தில் எம்.ஜி.பி எளிதாக முந்தும். ஆனால் அது ஏறக்குறைய 250 கிலோ கூடுதல் கனம். இறக்கத்தில் அத்தனையையும் பிரேக்தான் தாங்க வேண்டும்.

ஸ்பிரைட்டுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்: சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தில் ஷூ என்ற வளைந்த துண்டுகள் அழுந்தி நிறுத்தும். சூடேறினால் டிரம் விரிந்து ஷூவிலிருந்து விலகும், பெடல் கீழே இறங்கும், ஷூவின் மேலுள்ள உரசும் பட்டையான லைனிங்கின் பிடிப்பும் குறையும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன், டிரம் ஆறிய பிறகு, ஒவ்வொரு முன்சக்கரத்திலும் ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் இரண்டு அட்ஜஸ்டர்களையும் ஒவ்வொன்றாகச் சக்கரம் இறுகும்வரை திருப்பி, உரசாதபடி ஒரு பல் தளர்த்துங்கள். எம்.ஜி.பி-யில் முன்பக்கம் டிஸ்க் பிரேக், சுழலும் தட்டை இருபுறமும் அழுத்திப் பிடிப்பது. அங்கே பிரச்சினை பிரேக் எண்ணெய்: ஈரம் உறிஞ்சிய பழைய எண்ணெய் கொதித்தால் பெடல் பஞ்சாகிவிடும். பந்தயத்துக்கு முன் முழுக்க மாற்றிவிடுங்கள்.

ஸ்பிரைட்டின் பின் அச்சுத்தண்டு பலவீனமானது, பந்தயத்தில் முறியும். வலுவான தண்டு போடாமல் காரைப் பந்தயத்தில் இறக்க வேண்டாம்.

முதல்முறை வருபவருக்கு ஸ்பிரைட்டே நல்லது. ஒடுங்கிய உடல், குறுகிய வளைவிலும் சுவருக்கு இடைவெளி மிஞ்சும்.