ஈரமான ஏற்றத்தில் எந்தச் சக்கரம் முதலில் சுற்றும்? சாகா, மைவி, ஹைலக்ஸ்

டுரியான் பருவத்தில், பினாங்குத் தீவின் பாயா தெருபோங்கிலிருந்து ஜாலான் துன் சார்டோன் வழியாகப் பாலிக் பூலாவுக்கு ஏறியவர்களுக்கு இது பழகிய காட்சி. ஒரு வளைவு முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு, ஓரத்தில் பழக்கடை. நிறுத்துவது எளிது. பழம் தின்று கை கழுவிவிட்டு, அதே ஏற்றத்தில் வண்டியைக் கிளப்புவதுதான் பாடு. அதுவும் ஒரு வார வெயிலுக்குப் பிறகு பெய்த முதல் மழை என்றால், தாரில் படிந்திருந்த எண்ணெயும் டயர்த் தூளும் நீரோடு குழைந்து, சாலை சோப்புப் போட்ட தரையாகிவிடும்.

போன பருவத்தில் அப்படி ஒரு மாலை, மூன்று வண்டிகளில் கிளம்பினோம். முன்னால் என்னுடைய 2010 புரோட்டோன் சாகா, ஐந்து கியர் மேனுவல். அடுத்து மைத்துனனின் பெரோடுவா மைவி 1.5, 2021 நவம்பரில் புதுப்பிக்கப்பட்டு சிவிடி (படிக் கியர்களுக்குப் பதில் பெல்ட்டால் ஓடும் தானியங்கி) கியர்பெட்டியோடு வந்த வகை. கடைசியில் மாமாவின் பழைய டொயோட்டா ஹைலக்ஸ், டீசல் பிக்கப். சாகாவின் முன்சக்கரங்கள் இரண்டு விநாடி நின்ற இடத்திலேயே சுற்றி, பின்னால் இருந்த மைவியின் முகத்தில் சேற்றை வாரி அடித்தன. மைவி ஒரு கணம் தயங்கியது, பிறகு சத்தமில்லாமல் ஏறிவிட்டது. ஹைலக்ஸ் வாலை ஒரு சாண் ஆட்டிவிட்டு வந்தது. மூன்றுக்கும் டயர் அந்த வருடம் போட்டவைதான் என்பதால் பழியை அங்கே இறக்க முடியவில்லை.

வீடு வந்ததும் மைத்துனன் தொடங்கினான். "அத்தான், என் காரின் முறுக்கு விசை 137 நியூட்டன் மீட்டர், உங்கள் கார் 120. ஆனால் சக்கரம் சுற்றியது உங்களுக்குத்தான். அப்படியென்றால் எது பலசாலி?"

கேள்வியே கோணல். சக்கரம் நின்ற இடத்தில் சுற்றுகிறது என்றால், தரை தாங்கக்கூடியதைவிட அதிகமான விசை அதற்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். தரை தாங்கும் அளவைத் தீர்மானிப்பவை இரண்டு: சக்கரத்தின் மேல் அமர்ந்திருக்கும் பாரம், டயருக்கும் சாலைக்கும் இடையிலான பிடிப்பு. எஞ்சின் எத்தனை பலம் தருகிறது என்பதைவிட, அந்தப் பலம் எப்படி வந்து சேர்கிறது என்பதே வழக்கு.

சாகாவின் கணக்கைத் தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். இவ்வகைச் சிறிய கார்களில் முதல் கியரும், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து எஞ்சினின் முறுக்கு விசையை ஏறத்தாழ 13 அல்லது 14 மடங்காக்கும். 120 நியூட்டன் மீட்டர் அப்படிப் பெருகி, சுமார் 29 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தின் விளிம்புக்கு வரும்போது, வழியில் உராய்வில் போனது போக 5,000 நியூட்டன் தேறும். முன்சக்கரங்களின் மேல் இருக்கும் பாரம் சுமார் 6,600 நியூட்டன். காய்ந்த சாலையில் அதில் எட்டில் ஆறரைப் பங்கு வரை பிடிக்கும், ஆகவே தாங்கும். ஈரத்தில் பாதி பிடித்தாலே பெரிது, அதாவது 3,300. மீதி விசைதான் மைத்துனனின் கண்ணாடியில் சேறாகத் தெறித்தது.

இதில் கிளட்ச் இன்னொரு வில்லன். உருளும் பயத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டு கிளட்சைச் சட்டென்று விட்டேன். அந்த நொடியில் எஞ்சினின் விசையோடு, எஞ்சினோடு சுழன்றுகொண்டிருந்த ஃப்ளைவீல் என்ற கனமான வட்டில் சேர்ந்திருந்த ஆற்றலும் ஒரே அடியாகச் சக்கரத்தில் இறங்கியது. குற்றம் காருடையது அன்று, என் இடது காலுடையது. அன்று இரண்டாவது கியரில் மெல்லக் கிளப்பியிருந்தால் சக்கரம் பிடித்திருக்கும். கிளட்ச் தேய்வதுதான் அதற்கு விலை.

மைவியில் இந்தத் தவறைச் செய்ய இடமே இல்லை. அதன் சிவிடியில் கிளட்சுக்குப் பதிலாக, எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர். கிளம்பும் நேரத்தில் அதுவும் முறுக்கு விசையைப் பெருக்கத்தான் செய்கிறது, ஆனால் அடியாக அன்றி, மாவைக் கையால் அழுத்துவது போலப் படிப்படியாக. பிறகு பெல்ட்டும் புல்லிகளும். கியர் மாறும் உதறல் இல்லாததால், பிடிப்பின் விளிம்பில் இருக்கும் சக்கரத்தைத் தட்டி உசுப்ப ஒன்றுமில்லை. இரட்டை கிளட்ச் பெட்டி உள்ள புரோட்டோன் எக்ஸ்50 போன்ற கார்கள் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கின்றன: உள்ளே கிளட்ச்தான், அதை விடுவது கணினி. என் காலைவிடப் பொறுமைசாலி.

அடுத்து சஸ்பென்ஷன். சாகா, மைவி இரண்டுக்கும் முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட், பின்னால் டார்ஷன் பீம். அமைப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வயதில். சக்கரம் சுற்றிய அந்த இரண்டு விநாடியில் என் கால்களுக்குக் கீழே டக் டக் டக் என்று ஒரு தட்டல் கேட்டது. மறுநாள் பட்டறை அண்ணன் முன்பக்க மட்கார்டை ஓர் அழுத்து அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். கார் மூன்று முறை குதித்தது. துள்ளலை அடக்கும் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து தீர்ந்திருந்தது, எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பரும் பிளந்திருந்தது. பிடித்து, வழுக்கி, மறுபடி பிடித்துத் துள்ளிய டயரின் சத்தம்தான் அந்தத் தட்டல். காற்றில் இருக்கும் டயருக்குப் பிடிப்பு ஏது? இரண்டையும் மாற்றிய பிறகு துள்ளல் போனது. சுற்றல் குறைந்தது, போகவில்லை.

போகாததற்குக் காரணம் காரின் பின்பெட்டியான பூட்டில் இருந்த டுரியான். சாகா, மைவி இரண்டும் முன்சக்கர இயக்கம். ஏற்றத்தில் பாரம் பின்னால் சாய்கிறது, கிளம்பும் வேகத்தில் இன்னும் சாய்கிறது, அதற்கு மேல் பூட்டில் பழமூட்டை. இழுக்க வேண்டிய சக்கரங்கள் இலேசாகிவிடுகின்றன. கொண்டை ஊசி வளைவில் உள்பக்கச் சக்கரம் இன்னும் இலேசு.

ஹைலக்ஸ் இதற்கு நேர் எதிர். பின்சக்கர இயக்கம், பின்னால் கனமான அச்சு, சுமைக்காகவே கட்டிய பட்டை வில்கள். சுமை ஏற்றும் தட்டு காலியாக இருந்தால் அந்த வில்கள் அசைந்து கொடுக்காது. டீசல் எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே தரும் முறுக்கு விசையில் பட்டைகள் முறுகி விடுபடும், வால் துள்ளும். நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் தீர்ந்துவிடும். ஆனால் இந்த வகைப் பகுதிநேர நான்கு சக்கர இயக்கம் காய்ந்த தார்ச்சாலைக்கு ஆகாது. திரும்பும்போது முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். அந்தப் பயத்தில் மாமா ஈரத்திலும் அதைத் தொடுவதில்லை. மழை மாதங்களில் பின் அச்சுக்கு மேலே இரண்டு மணல் மூட்டைகள் போட்டு வைப்பார், அவ்வளவுதான்.

பிரேக்கை நான் முதலில் கணக்கிலேயே எடுக்கவில்லை. நிறுத்துவதற்கு இருப்பது, சுற்றுவதில் என்ன செய்யும் என்று நினைத்தேன். மைவியின் அந்த ஒரு கணத் தயக்கம் பிரேக்கின் வேலை. சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கமும் சம அளவு முறுக்கு விசைதான் கொடுக்கும். ஆகவே வழுக்கும் சக்கரம் எவ்வளவு ஏற்கிறதோ அவ்வளவுதான் மற்றதற்கும். டிராக்‌ஷன் கண்ட்ரோல் வழுக்கும் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் பிடிக்கிறது. அந்தத் தடையைத் தாண்ட விசை ஏறுகிறது, அதே அளவு விசை பிடிப்புள்ள பக்கத்துக்கும் கிடைத்துவிடுகிறது. கூடவே எஞ்சினையும் சற்று அடக்குகிறது. 2017 மைவி முதல் எல்லா வகைகளிலும் இது உண்டு. என் சாகாவில் இல்லை. என்னிடம் இருப்பது ஹேண்ட் பிரேக் ஒன்று. அதைக்கூடத் தாமதமாக விட்டால் பின்சக்கரங்கள் இழுத்துப் பிடிக்க, முன்சக்கரங்கள் அதையும் சேர்த்து இழுக்கப் போய்ச் சுற்றும். நள்ளிரவில் புகை கிளப்பி விளையாடும் பையன்கள் வேண்டுமென்றே செய்வது இதைத்தான். டயருக்குக் காசு கொடுப்பது அப்பாவாக இருந்தால் செய்யலாம்.

ஆக, இந்த ஏற்றத்தில் முதலிடம் கியர்பெட்டிக்கு, அடுத்தது பாரம் எங்கே இருக்கிறது என்பதற்கு. பிரேக் மீட்பர் மட்டுமே. காலியாக ஏறினால் மைவி; சுமையோடு ஏறினால் ஹைலக்ஸ். இரண்டிலும் என் சாகா தோற்கிறது, மறுக்கவில்லை.

இந்தப் பருவத்தில் மூட்டைகள் எல்லாம் ஹைலக்ஸின் தட்டில், மணல் மூட்டை இருந்த இடத்தில். மாமா வால் ஆட்டாமல் ஏறினார். நான் பூட்டைக் காலியாக வைத்துக்கொண்டு, கிளட்சை மெல்ல விட்டு அவர் பின்னால் போனேன்.